பக்கத்துக் கார் உங்கள் லேனுக்குள் நெருக்கினால்: பிடிக்க வேண்டிய இடம், பிடிக்க வேண்டிய பிரேக்

கேள்வி இது: "பைக்கில் என் லேனில் நேராகத்தான் போகிறேன். கார்க்காரர்கள் பக்கத்தில் வந்து நெருக்கி அப்படியே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். ஓரமாகவே ஓட்டினால் தப்பிக்கலாமா? வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடுவதா? ஹாரன் அடித்தும் பலன் இல்லையே?"

ஓரமாக ஓட்டுவது பெரும்பாலும் நெருக்கடியை நீங்களே அழைப்பதுதான். வேகத்தைக் கூட்டுவது சில நேரம்தான் பலிக்கும். ஏன் என்பதற்குக் கீழே கணக்கு இருக்கிறது. ஹாரன் துணைக்கு வரும், அவ்வளவே. கார் உள்ளே வரும் முன் லேனை விட்டுக்கொடுக்காமல் ஓட்ட வேண்டும். வரத் தொடங்கிய பிறகு வாதாடாமல் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சும்மா இருக்கும்போது ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டு, கார் நுழைந்த பிறகு "இது என் லேன்" என்று விடாப்பிடியாக நிற்கிறார்கள்.

கீழே சொல்வதெல்லாம் இடப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடுகளுக்கு. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், அவர்கள் ஏன் வருகிறார்கள். வேண்டுமென்றே நெருக்குபவர்கள் உண்டு, ஆனால் குறைவு. பெரும்பாலானவர்கள் உங்களைப் பார்க்கவே இல்லை. அல்லது பார்த்தும் மனதில் பதியவில்லை. 1981இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டியின் ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாமல் போனதால் நடந்தவை. அதற்கு முதன்மையான காரணமாக அந்தக் குழு கண்டது, பைக்கைக் கவனிக்கத் தவறியதுதான். அதே அறிக்கையில் பைக் ஓட்டுபவர்களுக்கும் ஒரு குட்டு உண்டு: ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை, சட்டென்று விலகும் திறன் அநேகமாக யாரிடமும் இல்லை.

கவனிக்கத் தவறுவதற்கு உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் இருக்கும் தூண் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் தாவித் தாவித்தான் பார்க்கிறது. தாவுகிற அந்த நொடித்துளியில் மூளை எதையும் வாங்கிக்கொள்வதில்லை. பைக் குறுகலாக இருப்பதால் அது இருக்கும் தூரத்தைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். சில கார்களின் பக்கக் கண்ணாடி குவிந்தது என்பதால் அந்தத் தோற்றம் இன்னும் கூடும். இவை போதாதென்று போன். ஆகவே "எப்படியும் பார்த்திருப்பார்" என்ற எண்ணத்தோடு எந்தக் காரின் பக்கத்திலும் போகக் கூடாது.

இனி இடம். ஒரு லேன் சுமார் 3.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கார் 1.8 மீட்டர், பைக்கின் ஹேண்டில்பார் 0.8 மீட்டர். நீங்கள் லேனின் இடது விளிம்பை ஒட்டிப் போனால் உங்கள் வலப்பக்கம் இரண்டரை மீட்டருக்கு மேல் காலியாகக் கிடக்கும். பின்னால் வரும் கார்க்காரருக்கு அது ஒரு கார் நுழையும் சந்தாகவே தெரியும். அவர் நுழைந்துவிட்டால் உங்களுக்கு இடப்பக்கம் ஒதுங்க ஒன்றுமில்லை. மண், சரளை, வடிகால் மூடி, நிறுத்திவைத்த காரின் கதவு, அவ்வளவுதான். நடுவிலோ, நடுவிலிருந்து சற்று வலப்பக்கமோ போனால், உங்களோடு ஒரே லேனைப் பகிர அவருக்கு இடம் இருக்காது. முந்த வேண்டுமானால் முழுசாக லேன் மாறித்தான் ஆக வேண்டும். அப்படியும் ஒருவர் நெருக்கினால், இடப்பக்கம் ஒன்றரை மீட்டர் கையிருப்பாக இருக்கும். இந்தக் கையிருப்புதான் எல்லாமே. உங்களைவிட வேகமாக வருகிறவர்களுக்கு வழிவிடுவது வேறு விஷயம். அதை நேரான, அகலமான இடம் பார்த்து நீங்களாக இண்டிகேட்டர் போட்டுச் செய்யுங்கள்.

ஆனால் நடு லேன் பிடிப்பது என்பது மாறாத விதி இல்லை. சிக்னலை நெருங்கும்போது லேனின் நட்டநடுப் பட்டையில் எண்ணெய்க் கசிவு படிந்திருக்கும். அங்கே கார் டயர்கள் ஓடும் இரண்டு தடங்களில் ஒன்றில் ஏறிக்கொள்வது நல்லது. பக்கத்து லேனில் ஒரு கார் உங்களுக்கு நேராக வந்துவிட்டால் அந்தக் காரிலிருந்து தள்ளியிருக்கும் தடத்துக்கு மாறுங்கள். கணக்கு எளிது. லேன் மாறும் கார் பக்கவாட்டில் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும். அது தன் லேனின் நடுவில் போனால் கோட்டுக்கு 0.85 மீட்டர் தள்ளி இருக்கும். நீங்களும் உங்கள் லேனின் நடுவில் இருந்தால் ஹேண்டில்பார் முனைக்கும் காருக்கும் இடையே 2.2 மீட்டர், அதாவது இரண்டு விநாடி. கோட்டை ஒட்டிய தடத்தில் இருந்தால் 1.3 மீட்டர்தான். நடப்பதைப் புரிந்துகொண்டு கை பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி போய்விடும் என்பதால், அந்த 0.9 மீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

அதைவிட முக்கியம், நேருக்கு நேராகப் பக்கத்தில் ஓடாமல் இருப்பது. காரின் பின்கதவிலிருந்து அதன் பின்பம்பருக்கு ஒரு கார் நீளம் பின்னால் வரை உள்ள பகுதிதான் பிளைண்ட் ஸ்பாட், ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பவர்தான் அடிபடுகிறார். காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். தெரிந்தாலும் அவர் பார்க்கிறார் என்று அர்த்தமில்லை. பார்க்க வாய்ப்பாவது இருக்கிறது. கடக்க வேண்டியிருந்தால் தயங்காமல் கடந்துவிடுங்கள். காரைவிட மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் கூடுதலாகப் போனால், அந்தப் பகுதியையும் காரையும் சேர்த்துச் சுமார் பத்து மீட்டரைத் தாண்ட மூன்றரை விநாடி ஆகும். வெறும் 3 கிலோமீட்டர் கூடுதல் என்றால் 12 விநாடி அங்கேயே ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். கடக்க முடியாத நெரிசலில் பின்பம்பருக்குப் பின்னால் தங்கிவிடுங்கள். இருபக்கமும் கார்கள் ஓடும் மூன்று லேன் சாலையில் கார்களுக்கு நேராக இல்லாமல், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிகளுக்கு நேராக இருக்கும்படி வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

கார் உள்ளே வரப் போகிறது என்பதை இண்டிகேட்டரை நம்பித் தெரிந்துகொள்ள முடியாது. பலர் பாதி லேன் மாறிய பிறகுதான் போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை. அதற்கு முன்பே தெரிபவை வேறு. அந்தக் காருக்கு முன்னால் மெதுவாகப் போகும் லாரியோ ஆட்டோவோ இருக்கிறதா? உங்கள் லேனில் உங்களுக்கு முன்னால் ஒரு கார் நுழையும் அளவு இடைவெளி திறந்திருக்கிறதா? அவருடைய லேன் நின்று உங்கள் லேன் ஓடுகிறதா? இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே அவர் வரப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து காரின் முன்சக்கரம். உடம்பு நகர்வதற்கு முன்பே சக்கரம் திரும்பிவிடும். டயருக்கும் லேன் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்குவதைக் கவனித்தால் அரை விநாடி முன்பே தெரியும். ஓட்டுநரின் தலை கண்ணாடிப் பக்கம் திரும்புவதும் ஒரு துப்பு. எந்தக் காரணமும் இல்லாமல் கோட்டை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து வரும் கார் பெரும்பாலும் போன் பார்ப்பவருடையது. அதன் பக்கத்தில் இருக்கவே வேண்டாம்.

துப்பு தென்பட்டதுமே ஆக்சிலேட்டரை விட்டு, வலக்கையின் இரண்டு விரலை முன் பிரேக் லீவர் மேல் வைத்துவிடுங்கள். இழுக்க வேண்டாம், சும்மா தொட்டபடி. விரல் ஏற்கெனவே லீவரில் இருந்தால் அதை எடுத்து வைக்கும் நேரம் மிச்சம்.

இப்போது கார் வந்தேவிட்டது. பிரேக்கா, ஆக்சிலேட்டரா? முறுக்கினால் தாண்டிவிடலாம் என்று கை தானாக முறுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 சிசி போன்ற ஒரு பைக் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முழுசாக முறுக்கினாலும் அதன் வேகம் விநாடிக்கு விநாடி 1.5 மீட்டர்தான் கூடும் என்று கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் குறையும். அதாவது பிரேக்குக்கு எஞ்சினைப் போல நான்கு மடங்கு பலம். உங்கள் முன்சக்கரம் நான்கு மீட்டர் நீளக் காரின் முன்பம்பருக்கு நேராகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போய்த் தப்ப, உங்கள் பைக் முழுசும் பம்பரைத் தாண்ட 2 மீட்டர் போக வேண்டும், அதற்கு 1.6 விநாடி. பின்வாங்கித் தப்ப 4 மீட்டர் பின்தங்க வேண்டும். இரு மடங்கு தூரம் என்றாலும் அதற்கு 1.15 விநாடிதான். முன்பம்பருக்கு நேராக இருக்கும்போதே பிரேக்தான் ஜெயிக்கிறது. பின்கதவுக்கு நேராக இருந்தால் பேச்சே இல்லை: பிரேக்கில் ஒரு விநாடிக்குள் விலகிவிடலாம், முறுக்கினால் இரண்டரை விநாடி. அவர் அதற்குள் உள்ளே வந்துவிடுவார். உங்கள் பின்சக்கரம் ஏறக்குறைய காரின் முன்சக்கரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், முன்னால் இடமும் இருந்தால் மட்டும் முறுக்கலாம். பெரிய எஞ்சின் பைக்கில் இந்த எல்லை கொஞ்சம் தளரும், ஆனால் முன்னால் வண்டி நின்றால் அங்கேயும் அது வேலைக்கு ஆகாது.

இப்படித் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் இடித்துவிட மாட்டாரா? அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆபத்து வந்த பிறகு பார்க்க நேரமில்லை. பின்தங்குவதற்கு வண்டியை நிறுத்த வேண்டியதும் இல்லை. ஒரு விநாடி பிரேக்கில் 60 என்பது 38 ஆகும். பின்னால் வருபவர் இரண்டு விநாடி இடைவெளியில் வந்தால் அவரால் சமாளிக்க முடியும்.

பிடிக்கும் விதம்: முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் லேசாக அழுத்தி எடை முன்சக்கரத்துக்கு வந்ததும் இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கால் நொடியில் நடந்துவிடும் காரியம்தான். கூடவே பின் பிரேக்கை மிதமாக மிதியுங்கள். கடினமாக பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்துவிடுவதால் பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டு மறுபடி பிடிக்க வேண்டும், ஒரு கணம் தாமதித்தாலும் கீழே. ஏபிஎஸ் இருந்தால் லீவர் அதிரும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

பிரேக் பிடிக்க இடமில்லாமல் விலகியே ஆக வேண்டும் என்றால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து ஹேண்டில்பாரை முன்னோக்கி அழுத்துங்கள். இடது பக்கம் போக இடது பிடியை அழுத்த வேண்டும். கேட்டால் முரணாகத் தோன்றும். ஓரளவு வேகத்தில் ஓடும் எந்த இருசக்கர வண்டியும் அப்படித்தான் திரும்புகிறது, நமக்குத் தெரியாமலே அதைத்தான் செய்கிறோம். உடம்பை நிமிர்த்தி வைத்து, வண்டி மட்டும் கீழே சாயட்டும். அப்போது பிரேக்கில் கை வைக்காதீர்கள். டயரின் பிடிமானம் ஒன்றுதான். அதில் பாதியைச் சாய்வுக்குக் கொடுத்துவிட்டு முழு பிரேக்கையும் கேட்டால் டயர் வழுக்கிவிடும். பிரேக் பிடித்து, விட்டு, விலகலாம். அல்லது விலகி, நிமிர்ந்து, பிரேக் பிடிக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. மழையில் லேன் கோட்டின் பெயிண்ட் சோப்பு போல இருக்கும், அதன் மேல் சாய்ந்தபடி போக வேண்டாம். கண் காரின் மேல் அல்ல, போக வேண்டிய சந்தின் மேல் இருக்கட்டும். எதை உற்றுப் பார்க்கிறோமோ வண்டி அங்கேதான் போகும்.

ஹாரன். பெரும்பாலான பைக்குகளில் அது இடது கட்டைவிரலில், முன் பிரேக் வலக்கையில். எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஹாரனை அழுத்திக்கொண்டே அதே வேகத்தில் போய் இடிப்பவர்கள் உண்டு; மனம் ஹாரனை ஒரு செயலாக எண்ணித் திருப்தி அடைந்துவிடுகிறது. கார் அசையும் முன்பே, துப்பு தெரியும்போதே ஒரு சின்னக் குரல் கொடுப்பதுதான் ஹாரனின் நல்ல பயன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு சிறு பைக்கின் ஹாரன் காதில் விழாமலே போகலாம். கனமான ஹாரன் போட விரும்புகிறவர்கள் கம்பெனி வயரிலேயே நேராக இணைத்து ஸ்விட்சைக் கருக்கிவிடுகிறார்கள். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைக்க வேண்டும்: பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயரும் ரிலேயின் 85, 86 முனைகளுக்கு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு, 87லிருந்து புது ஹாரனுக்கு, ஹாரனின் மறுமுனை பேட்டரி நெகட்டிவுக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு சத்தத்தை அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவரும் ஒரு வகை நெருக்கல்தான். அவரோடு நமக்குள்ள இடைவெளியை நம்மால் மாற்ற முடியாது. முன்னால் இருப்பதை மாற்றலாம். முன் வண்டியோடு இரண்டு விநாடி இடைவெளி வைத்திருந்தால் அதை நான்காக்குங்கள். அப்போது முன்னால் எது நடந்தாலும் மெதுவாகவே பிரேக் பிடிக்கலாம், பின்னால் வருபவருக்கும் சேர்த்து நேரம் கிடைக்கும். பிரேக் விளக்கு மின்னும் அளவுக்கு மட்டும் லீவரை இரண்டு முறை தொட்டுக் காட்டலாம். அவரை மிரட்ட நிஜமாகவே பிரேக் பிடிப்பது தற்கொலை முயற்சி.

இடைவெளி விட்டால் அதில் இன்னொரு கார் புகுந்துவிடுகிறதே என்ற புலம்பல் எல்லோருக்கும் உண்டு. புகட்டும். ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இரண்டு விநாடியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கார் புகுந்தால் நீங்கள் இழப்பது அந்த இரண்டு விநாடிதான். வழி நெடுக இருபது பேர் புகுந்தாலும் நாற்பது விநாடி தாமதம்.

சில இடங்களில் நெருக்கல் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளலாம். கிளைச்சாலை வந்து சேரும் இடத்தில், சேருபவர் தன் முன்னால் உள்ள வண்டியையும் வலப்பக்க இடைவெளியையும் மட்டுமே பார்ப்பார். முடிந்தால் முன்கூட்டியே ஒரு லேன் வலப்பக்கம் மாறிவிடுங்கள். சாலை வேலைக்காக லேன் குறுகும் இடத்தில் காரோடு ஜோடியாக நுழையாதீர்கள், ஒன்று முன்னால் அல்லது பின்னால். பெரிய பள்ளம் இருக்கும் இடத்தில் பக்கத்துக் கார் அதைத் தவிர்க்க உங்கள் பக்கம்தான் வரும். திரும்பும் பஸ்ஸின் உள்பக்கச் சந்தில் புகவே கூடாது: பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பஸ் முதலில் எதிர்ப்பக்கம் விலகிப் போவதால் சந்து பெரிதாகத் திறப்பது போல் ஏமாற்றும். முன்னால் போய் சட்டென்று இடப்பக்கம் திரும்பும் காரும் இதே ரகம். சந்திப்பை நெருங்கும்போது காரின் இடப்பக்கம் இருக்காதீர்கள்.

எதிரே வருகிறவர் இன்னொரு வண்டியை முந்துவதற்காக உங்கள் லேனுக்குள் வருவது இவற்றில் மோசமானது. இரண்டு பக்கமும் 60 என்றால் இடைவெளி விநாடிக்கு 33 மீட்டர் வீதம் கரையும். ஹெட்லைட்டை ஒருமுறை மின்னவிட்டு, உடனே பிரேக், இடது தடத்துக்கு நகர்வு, தேவைப்பட்டால் நிமிர்ந்தபடியே மண்ணில் இறங்குதல், இந்த வரிசையில். மண்ணில் இறங்கும் முன் வேகத்தின் பெரும்பகுதியைத் தாரிலேயே குறைத்துவிட வேண்டும். இறங்கிய பிறகு முன் பிரேக் உதவாது.

கண்ணில் படுவதற்கான வழிகள் சாதாரணமானவை: பகலிலும் ஹெட்லைட், வெளிர் நிற ஹெல்மெட், பளிச்சென்ற மேல்சட்டை. நேராக வரும் பைக் தூரத்தில் நிற்பது போலத் தோன்றும் என்பதால், குறுக்கே ஒரு கார் புறப்படக் காத்திருந்தால் லேனுக்குள்ளேயே மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து காட்டுங்கள். அசைவு கண்ணை இழுக்கும்.

நெருக்கிவிட்டுப் போன காரைத் துரத்துவது, கண்ணாடியைத் தட்டுவது, கையால் திட்டுவது எதுவும் வேண்டாம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒன்றோடு கோபப்படுகிற நேரத்தில் அடுத்த காரைக் கவனிக்க ஆளில்லை. நெஞ்சுத் துடிப்பு அடங்கும்வரை நான்கு விநாடி இடைவெளியில் போங்கள், அல்லது பாதுகாப்பான இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள்.

பிரேக்கும் விலகலும் படித்து வருவதில்லை. வண்டி வராத காய்ந்த மைதானத் தளத்தில் அல்லது காலியான பார்க்கிங்கில் ஒரு கோடு போட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து, நின்ற இடத்தை அளந்து பாருங்கள். பத்து முறை செய்தால் தூரம் சுருங்குவது தெரியும். பிறகு 40, பிறகு 50. விலகுவதற்கு, எதிரே ஒரு துணியைப் போட்டு அதற்கு 8 மீட்டர் முன்பு வரை நேராக வந்து, இடது பிடியை அழுத்தித் தாண்டி, மறுபடி நேராகுங்கள். துணி என்றால் தவறினாலும் ஏறிப் போகலாம், கல்லை வைக்காதீர்கள். 30இல் ஆரம்பித்தால் போதும். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, முழு ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பின்னால் ஆள் ஏற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் பிரேக் பயிற்சியைக் கடைசியில் ஆளோடும் 30இல் ஒருமுறை செய்து பாருங்கள்: எடை கூடும்போது வண்டி முன்னால் சாய்வதும், பின் பிரேக் கூடுதலாகக் கை கொடுப்பதும் கைக்கும் காலுக்கும் முன்பே தெரிந்திருக்கும்.